சரிந்த வலையா, பழைய தழும்பா?

கடுமையான வைரஸ் ஹெபடைட்டிஸில் எடுத்த கல்லீரல் பயாப்சியை (ஊசியால் எடுத்த திசுத்துண்டை) சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கப் படர்ந்த நார்த்தழும்பு, என்று படித்துவிடும் அபாயம் உண்டு. சிரோசிஸ் என்றால் பல ஆண்டுப் பழைய நோய். சரிவு, அதாவது செல்கள் இறந்து அவற்றைத் தாங்கிய வலை படிந்துபோவது, பெரும்பாலும் சில வாரத்து நோய். சிகிச்சையின் போக்கே மாறிவிடும்.

மைய சிரையைச் சுற்றியுள்ள மூன்றாம் மண்டலச் செல்கள் கொத்தாக மடிகின்றன. அவை நீங்கியதும், தாங்கி நின்ற ரெட்டிகுலின் என்ற மெல்லிய இழை வலை கால் பிடுங்கிய பந்தல்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, போர்ட்டல் பகுதிக்கும் (ரத்தக்குழாய்களும் பித்தக்குழாயும் கூடியிருக்கும் இடம்) மைய சிரைக்கும் இடையே பட்டையாகிறது. வழக்கமான சாயமான ஹெச் அண்ட் ஈ ஸ்டெயினில் அது நார்த்தழும்பு போலவே இருக்கும். தப்பிய செல்கள் பெருகி முண்டுகளாகிவிட்டால் கண் ஏமாறுவது நிச்சயம்.

நாரைக் காட்டும் மேசன் ட்ரைக்ரோம் ஸ்டெயினில் புதிய சரிவு வெளிறியும் பழைய நார் அடர்த்தியாகவும் தெரியும். ஆனால் நான் நம்புவது எலாஸ்டிக் (மீள்) இழைகளைக் காட்டும் ஓர்சீன் ஸ்டெயினைத்தான். புதிய சரிவில் எலாஸ்டிக் இழைகள் இருக்காது. பழைய நாரில் இருக்கும். அதற்கு முன் போர்ட்டல் பகுதியின் தமனிச் சுவரைப் பாருங்கள். அங்கேயே இழைகள் நிறம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டெயின் தோற்றுவிட்டது, ‘இல்லை’ என்று எழுத உரிமையில்லை. மாதக்கணக்கான சரிவிலும் எலாஸ்டிக் வரத் தொடங்கும். ஆகவே மஞ்சள் காமாலை தொடங்கிய தேதியைக் கேட்டு வாங்குங்கள். டயாஸ்டேஸ் நொதியால் கிளைகோஜனை நீக்கிய பின் போடும் பிஏஎஸ் ஸ்டெயினில், மேக்ரோஃபேஜ்களுக்குள் (கழிவை விழுங்கும் செல்கள்) செராய்டு என்ற செல் கழிவு நிறமி செம்மையாய்த் திரண்டிருந்தால் செல் இறப்பு அண்மையது.

ரத்தம் உறையாத நோயாளிக்குக் கழுத்துச் சிரை வழியேதான் பயாப்சி; துண்டு மெலிந்து உடைந்தே வரும். அதைக் கேசட்டுக்குள் (திசுவை வைக்கும் சிறு பெட்டி) இடும் பஞ்சுத் தகட்டில் வைத்தால் முக்கோண ஓட்டைகள் விழும். திசுவைப்போல் 10 மடங்கு அளவு, 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் வேண்டும். 3 முதல் 4 மைக்ரான் கனத்தில் வெட்டும்போதே ஸ்டெயின் செய்யாத ஸ்லைடுகளையும் எடுத்து வையுங்கள். திசு பதித்த மெழுகு பிளாக்கை மறுபடி சமன்செய்தால் இருக்கிற திசுவும் போய்விடும்.

சேதம் சீராகப் பரவுவதில்லை. ஊசி பட்ட இடம் முழுச் சரிவாகவும் பக்கத்து இடம் மறுவளர்ச்சியாகவும் இருக்கலாம். அதனால் ஒரே துண்டில் கண்ட இறப்பு விழுக்காட்டை வைத்து நோயாளி பிழைப்பாரா என்று கணிக்கக் கூடாது.

மண்டலக் கணக்கின்றி வரைபடம்போல் திட்டுத்திட்டாக இறப்பு இருந்து, அழற்சிச் செல்களும் குறைவென்றால் ஹெர்பிஸை நினையுங்கள். திட்டின் ஓரத்தில் தப்பிய செல்களின் உட்கருவில் வைரஸ் உட்படிவத்தைத் தேடி, அன்றே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள். ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிர், வைரஸை உறுதிசெய்யும் இம்யூனோ ஸ்டெயினுக்காகக் காத்திருக்கக் கூடாது.