வேலையை விடாமல் எம்.ஏ. கல்வியியல்: ஏற்காட்டிலிருந்து ஓர் அனுபவம்

ஏற்காடு வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வீடு சேலம் அஸ்தம்பட்டியில். வேலையை விடாமல், நீண்ட விடுப்பும் எடுக்காமல் கல்வியியலில் முதுநிலை முடித்திருக்கிறேன். மலையில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் இதைப் பற்றி நிறையவே கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் குழப்பம், எம்.எட். படிப்பதா எம்.ஏ. படிப்பதா என்பது. நான் சேர்ந்த சமயத்தில் எம்.எட். இரண்டு வருடப் படிப்பு, நேரில் போய்ப் படிக்க வேண்டும். கல்வியியல் கல்லூரியில் பாடம் நடத்தப் போக நினைப்பவர்களுக்கு அதுதான் சரியான வழி. எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஒரு பள்ளியை நன்றாக நடத்துவது எப்படி, சென்னையில் போடும் ஆணை எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது ஏன் வேறு உருவம் எடுக்கிறது, வகுப்புக்கு வந்த கருவிகள் ஏன் சில பள்ளிகளில் மட்டும் உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலைப் படிப்பான எம்.ஏ. கல்வியியல் பொருத்தமாக இருந்தது. எந்தப் பட்டம் பெற்றவரும் சேரலாம், பி.எட். கட்டாயமில்லை. ஆனால் தேர்வை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் எழுத வேண்டும், தமிழில் எழுத முடியாது.

“இன்கிரிமென்ட் உண்டா டீச்சர்?” என்று எல்லோரும் கேட்பார்கள். உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020-லேயே நிறுத்திவிட்டது. பணத்துக்காக மட்டும் என்றால் இந்தப் பாடு பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அரசுப் பணியில் இருப்பவர்கள் சேரும் முன் துறையிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். என் கோப்பு ஓர் அலுவலகத்தில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. விண்ணப்பத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்திருந்ததால்தான் கடைசியில் அதைத் தேடி எடுத்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் யாரையும் வாய்வார்த்தையாக நம்பாதீர்கள்.

முதலாண்டு எல்லோருக்கும் பொது: கல்வியின் தன்மை, கற்பவரின் வளர்ச்சி, சமூகச் சூழல், நடைமுறை, ஆய்வு முறைகள். இரண்டாம் ஆண்டில் ஒரு சிறப்புப் பிரிவை எடுக்க வேண்டும். கல்வித் தொழில்நுட்பமா கல்வி மேலாண்மையா என்பதில் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். தொழில்நுட்பப் பிரிவில் தகவல் தொடர்பு, கணினி, பாடப்பொருள் வடிவமைப்பு ஆகியவை வருகின்றன. மேலாண்மையில் நிறுவன நடத்தை, நிறுவன மேலாண்மை. புத்தகங்கள் எல்லாம் இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு பிரிவிலும் முதல் புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மேலாண்மையை எடுத்தேன். கருவியைப் பற்றி இன்று படிப்பது சீக்கிரமே பழசாகிவிடும். ஒரு பள்ளியில் யார் முடிவெடுக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அப்படிச் சட்டென்று மாறுவதில்லை.

படிக்க நேரம் எங்கே என்றால், பேருந்தில்தான். அடிவாரத்தைத் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள், அதில் புத்தகத்தை விரித்தால் தலைசுற்றல்தான் மிச்சம். அதனால் ஒவ்வோர் அலகையும் ஞாயிற்றுக்கிழமை படித்து, அதன் சாரத்தைத் தமிழில் என் குரலிலேயே போனில் பதிவு செய்துகொள்வேன். முக்கியமான கலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை கேட்பேன். தமிழில் புரிந்தபிறகு ஆங்கிலத்தில் எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பழைய வினாத்தாள்கள் இக்னோ தளத்திலேயே இருக்கின்றன. தினம் ஒரு விடை கையால் எழுதிப் பழகுங்கள், மூன்று மணி நேரம் ஆங்கிலத்தில் எழுதக் கை பழகியிருக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் (அசைன்மென்ட்) மதிப்பெண் உண்டு, கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பாடங்களில் என்னை உலுக்கியது கொள்கைப் பகுதி. கோத்தாரி குழு, 1986 கல்விக் கொள்கை எல்லாம் பி.எட்.டில் மனப்பாடம் செய்தவைதான். இந்த முறை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை என் பள்ளியோடு வைத்துப் படித்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், குழுவில் பாதி பெண்கள் என்கிறது சட்டம். எங்கள் குழுவில் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் கூட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் காபித் தோட்டத்துக்குப் போன அம்மாக்கள் எப்படி வருவார்கள்? தோட்ட வேலை முடிந்தபிறகு ஊர்க் கோயில் திண்ணையில் கூட்டம் வைக்கலாம் என்று எங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல் அவர்கள் பேசிக் கேட்டேன்: கழிப்பறைக்குத் தண்ணீர், மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகள் தனியாக நடந்து வரும் பாதை.

இனி ஆய்வேடு. என்னைக் கேட்டால் மொத்தப் படிப்பும் இதற்காகத்தான். ஆய்வு முன்மொழிவோடு வழிகாட்டியின் ஒப்புதலும் தன்விவரமும் சேர்த்து அனுப்ப வேண்டும். எனக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியர் தலைப்பைப் பார்த்துவிட்டு, “மாவட்டம் முழுக்க வேண்டாம்மா. நீ நடந்து போய்ப் பார்க்கிற தூரத்துக்குச் சுருக்கு” என்றார். அப்படித்தான் ஏற்காடு வட்டாரத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் வகுப்பறைத் தொழில்நுட்பம் எவ்வளவு பயன்படுகிறது, அதில் தலைமையாசிரியரின் முடிவுகளுக்கு என்ன பங்கு என்று தலைப்பு அமைந்தது. பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறையும் (ஸ்மார்ட் கிளாஸ்) ஆசிரியர்களுக்கான கைக்கணினியும் (டேப்லெட்) வந்திருந்த சமயம்.

தமிழில் வினாநிரல் தயாரித்துக் கொடுத்துப் பார்த்ததில், கிட்டத்தட்ட எல்லோரும் ‘அடிக்கடி’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். வினாநிரலை மட்டும் நம்பினால் ஆய்வு அங்கேயே முடிந்திருக்கும். அதனால் கால அட்டவணை, இருப்புப் பதிவேடு, ஆசிரியரின் பாடக்குறிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்க அனுமதி வாங்கினேன். காபி பறிக்கும் மாதங்களில் பிள்ளைகள் வருகையே குறைவு, அதனால் அந்தக் காலத்தைத் தவிர்த்துத்தான் போனேன்.

ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து காட்டினார். கைக்கணினி பெட்டியோடு, திரையில் ஒட்டி வந்த தாள்கூட உரிக்காமல் இருந்தது. “டீச்சர், இது ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என் பேர்ல இருக்கு. பசங்க கையில உடைஞ்சா ஆடிட்ல யார் பதில் சொல்றது?” என்றார். அவர் சோம்பேறி இல்லை. நல்ல கணக்கு வாத்தியார், பிள்ளைகள் மேல் உயிர். ஓய்வுபெறும் வயதில் ஒரு தணிக்கைக் குறிப்பு வந்துவிடுமோ என்ற பயம்தான். இன்னொரு பள்ளியிலும் அதே கருவி, நெட்வொர்க் அதைவிட மோசம். அங்கே தலைமையாசிரியை கால அட்டவணையிலேயே அதற்குப் பாடவேளை போட்டிருந்தார். எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வாங்கி வைக்கவும் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் பொறுப்பு. காணொளிகளைச் சேலத்தில் இறங்கும்போதே பதிவிறக்கிக் கொண்டுவந்துவிடுவார். இரண்டு பள்ளி ஆசிரியர்களும் பெற்ற பயிற்சி ஒன்றுதான்.

பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஆசிரியரிடம் ஒன்றுசேர வேண்டும் என்று மிஷ்ராவும் கோலரும் 2006-ல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அந்த மூன்று வட்டங்களையும் சுற்றிச் சூழல் என்று ஒரு வெளிவட்டமும் போடுவது உண்டு. படங்களில் அது வெறும் புள்ளிக்கோடு. நான் பார்த்த பள்ளிகளில் முடிவைத் தீர்மானித்தது அந்த வெளிவட்டம்தான்: சாவி யாரிடம், உடைந்தால் யார் பொறுப்பு, அட்டவணையில் இடம் உண்டா. பயிற்சி போதவில்லை என்று ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்று ஆய்வேட்டில் அழுத்தியே எழுதினேன்.

ஆய்வேடு முடிந்ததும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்தில் பள்ளிப் பெயர்கள் சொல்லாமல் இதைப் பேசினேன். முறையான வகுப்புப் பயன்பாட்டில் பழுதானால் எப்படிப் பதிவு செய்வது, யாருக்குத் தெரிவிப்பது என்று வட்டாரக் கல்வி அலுவலர் அங்கேயே எல்லோருக்கும் விளக்கினார். அந்தக் கணக்கு வாத்தியார் பள்ளியில் இப்போது வெள்ளிக்கிழமை ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்.

சேர நினைப்பவர்களுக்கு: சேர்க்கை ஜனவரி, ஜூலை என இரண்டு சுற்றாக நடக்கிறது. ஜூலையில் சேர வேண்டுமென்றால் கோடை விடுமுறைக்கு முன்பே துறை அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆய்வுக்கு என்ன கேள்வி என்பதை முதலாண்டிலேயே ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். வழிகாட்டியிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.