வளைவு வருது, பிடிச்சுக்குங்க

என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டினார். அத்தனை கொண்டை ஊசி வளைவும் அத்துப்படியாக இருந்தவர், ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பால் வாங்கப் போய்விட்டு நம் தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றார். மறதி நோய் என்றார் டாக்டர். போன வருடம் நடையும் நின்று படுக்கையோடு ஆகிவிட்டார். அவருக்கு எழுபத்தைந்து கிலோ, எனக்கு நாற்பத்தெட்டு.

சிறுநீர்த் தொற்றுக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வீட்டுக்கு வந்த அன்று உடம்பு துடைக்கும்போது, முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருத்திருந்ததைப் பார்த்தேன். டயபர் சூடு என்று நினைத்துப் பவுடர் போட்டு மறுபடியும் மல்லாக்கவே படுக்க வைத்தேன். இன்னமும் என் மனதை அறுப்பது அதுதான்.

படுக்கைப் புண் முதலில் சிவப்பாக வரும் என்கிறார்கள். நம்மைப் போன்ற கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா நிறத்திலோ இருக்கும், தொட்டால் சூடாகவோ கல் மாதிரி இறுகியோ இருக்கும். தோல் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும் இடத்தில் விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கலாம். வெளுத்துத் திரும்பினால் பரவாயில்லை. நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இது தெரிந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தோல் பிய்ந்து உள்ளே குழி தெரிந்தது. ஓரம் கறுத்துப்போய் நாற்றம் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் பத்துப் போடச் சொன்னார். மகன் திருப்பூரிலிருந்து காற்றடைத்த ரப்பர் வளையம் ஒன்று வாங்கி வந்தான். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் அந்த வளையம் புண்ணைச் சுற்றியுள்ள சதையை அழுத்தி, அங்கே வருகிற இரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

மருந்துக் கடையில் விசாரித்தபோது ஒருவர், பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) போய்ச் சொல்லுங்கள், வீட்டுக்கே சிஸ்டர் வருவார்கள் என்றார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருவது தெரியும். எழுந்து நடக்க முடியாதவர்களைப் பார்க்க சிஸ்டரும் பிசியோதெரபி பார்ப்பவரும் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாத குடும்பம் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வந்த சிஸ்டர் புண்ணை அளந்து எழுதிக்கொண்டார். கறுத்த சதையை டாக்டர்தான் எடுக்க வேண்டும் என்று ஜி.எச்.சுக்கு, அதாவது அரசு ஆஸ்பத்திரிக்கு, அனுப்பினார். திரும்பி வந்த பிறகு எனக்குக் கற்றுக் கொடுத்தார். அரை லிட்டர் தண்ணீரில் தலை தட்டி ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் அதில்தான் புண்ணைக் கழுவ வேண்டும். மஞ்சள் கூடாது, நுரை பொங்கும் மருந்தும் கூடாது, அந்த மருந்து புதிதாக முளைக்கிற சதையையும் கருக்கிவிடும் என்றார். பழைய பருத்தி வேட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி குக்கரில் ஆவி கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொன்னார். நாலு நாளில் அந்த வாடை வீட்டை விட்டுப் போனது. அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

"மருந்து பாதிதாம்மா. பாரம் இறங்கினாத்தான் புண்ணு ஆறும்" என்றார் சிஸ்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும், ராத்திரியிலும். ஏர் பெட் வாங்கினோம். அது இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். கரண்ட் போனால் மோட்டார் நின்று மெத்தை சப்பிப்போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புரட்டுவதுதான் பெரும்பாடு. கை வைத்தாலே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார். என் முகத்தில் அடித்திருக்கிறார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறேன். சிஸ்டர் அவர் முகத்தைக் கவனித்துவிட்டு, "நெத்தி சுருங்குது, பல்லைக் கடிக்கிறார், வலிக்குதும்மா அவருக்கு" என்றார். வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கு அடிதான் பேச்சு. டாக்டரிடம் கேட்டு, கட்டு மாற்றுவதற்கு அரை மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் கொடுக்க ஆரம்பித்தோம். அடிப்பது பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி குறைந்தது வேறு விதமாக. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், "வளைவு வருதுங்க, பிடிச்சுக்குங்க" என்றேன். ஏன் வாயில் வந்ததோ தெரியவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டு உடம்பைத் தளர்த்தி என் பக்கம் சாய்ந்தார். என் பெயர் மறந்தவருக்கு அந்த ரோடு மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புரட்டலுக்கும் அந்த ரோட்டில் வருகிற ஒரு இடத்தின் பேர். காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி ஒட்டியிருக்கிறேன்: ஆறு மணி காமக்காபட்டி, வலப்பக்கம். எட்டு மணி டம்டம் பாறை, இடப்பக்கம். பத்து மணி ஊத்து. அப்புறம் பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை. கொடைக்கானல் வந்தால் மறுபடி இறக்கம்.

பலத்தால் அவரைப் புரட்ட என்னால் முடியாது. எட்டு முழ வேட்டியை மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நின்று, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, எதிர்ப்பக்கக் கையை நெஞ்சின் மேல் வைத்து, வேட்டியைப் பிடித்து என் பக்கம் உருட்டினால் வந்துவிடுவார். தரதரவென்று இழுக்கக் கூடாது, தோல் உரசிப் பிய்யும். முழுசாக ஒருக்களித்தும் விடக்கூடாது, இடுப்பெலும்பில் அடுத்த புண் வரும். முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதிச் சாய்வாக வைத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று.

சாப்பாட்டில் ஒரு இக்கட்டு உண்டு. புரை ஏறாமல் இருக்கத் தலைப்பக்கம் உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கீழே வழுக்கி வந்து புண் உரசும். முழங்காலுக்கடியில் தலையணை வைத்து உயர்த்தி, ஊட்டி முடித்து அரை மணி கழித்து இறக்குகிறேன். சதை வளர சத்து வேண்டும் என்பதால் முட்டையும் பருப்பும் குழைத்துத் தினமும் கொடுக்கிறேன். வாயில் அடக்கிக்கொண்டால் அடுத்த வாய் கொடுப்பதில்லை. சில நாள் நாலு வாய்தான் இறங்கும். அந்த நாட்களில் எனக்கும் சோறு இறங்காது.

ஐந்து மாதமாகிறது. உள்ளங்கை அளவு இருந்த குழி புளியங்கொட்டை அளவுக்கு வந்திருக்கிறது. அடிச்சதை மாதுளை முத்து மாதிரி சிவந்திருக்கிறது, அந்த நிறம்தான் நல்லதாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராத்திரி மகன் வந்து புரட்டுகிறான். அந்த இரண்டு ராத்திரியும் நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். முதல் முறை குற்ற உணர்ச்சியாக இருந்தது. இப்போது இல்லை.

நேற்று வலது குதிகாலில் லேசாக நிறம் மாறியிருந்தது. விரலால் அழுத்தி எடுத்தேன். வெளுத்துத் திரும்பியது. தலையணையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தேன். பெருமாள்மலைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.