காலை 9 முதல் மாலை 5 வரை: ஒரு ஷட்டவுன் வாரத்தின் நாட்குறிப்பு

2025 மே 11, ஞாயிறு

வியாழக்கிழமை ஷட்டவுன். மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை. மின்வாரியத்தின் மின்தடைப் பட்டியலில் தெருப் பெயரைத் தேடுவதைவிட துணை மின்நிலையத்தின் பெயரைத் தேடுவது நல்லது. பட்டியலில் எல்லாத் தெருவையும் எழுதமாட்டார்கள். ஒரே தெருவில் கிழக்குப் பாதிக்கு ஒரு ஃபீடரும் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைன்) மேற்குப் பாதிக்கு வேறொன்றும் வருவதுண்டு. லைன்மேனிடம் ஒருமுறை கேட்டு, ஸ்டேஷன் பெயரையும் ஃபீடர் பெயரையும் மீட்டர் பலகையில் எழுதி வைத்துவிட்டால் பிறகு குழப்பமில்லை.

கத்திரி வெயிலில் எட்டு மணி நேரம். இன்வெர்ட்டர் தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) பேட்டரி என்றால் பெருக்கினால் 1800 வாட்-அவர். இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும், அடிவரை வடிக்காமல் விடவேண்டிய மிச்சத்தையும் கழித்தால் 1200 கைக்கு வரும் என்று வையுங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். இரண்டு ஃபேன், 20 வாட் ட்யூப் லைட் இரண்டு, ரவுட்டருக்கு ஒரு 10 வாட், ஆக மொத்தம் 200. ஆறு மணி நேரம்தான். மூன்று மணிக்கே பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிடும். நான்கு வருடம் உழைத்த பேட்டரியாக இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக்கூடத் தாங்காமல் போகலாம்.

பகலில் ட்யூப் லைட் வேண்டாம். எல்லோரும் ஒரே அறைக்கு வந்து ஒரு ஃபேனும் ரவுட்டரும் மட்டும் ஓடினால் 85 வாட். அதே பேட்டரி 14 மணி நேரம் வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இருந்தால் முழு வேகத்திலேயே 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். புதிய பேட்டரிக்கு ஆகும் செலவில் பெரியவர்கள் படுக்கும் அறைக்கு முதலில் அந்த ஃபேனை மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, பேட்டரி மேல் போட்டிருக்கும் 150 ஏ.எச். பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக வடித்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் அத்தனையும் கிடைக்காது.

மே 12, திங்கள்

பேட்டரியைப் பார்க்கும் வேலையை ஷட்டவுனுக்கு முதல் நாள் வரை தள்ளக்கூடாது. குறை தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்காது.

ட்யூபுலர் பேட்டரியின் தலையில் ஆறு மூடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை, சிவப்புக் கோடு, பச்சைக் கோடு. ஆறையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஐந்து மிதவை பச்சையில் நின்று, ஒன்று மட்டும் மாதாமாதம் சிவப்புக்கு இறங்கினால் பேட்டரிக்குள் அந்தச் செல்லில்தான் கோளாறு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தீராது. மிதவை சில சமயம் உள்ளே ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். மூடியை விரலால் லேசாகத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே ஒழிய இல்லாமல் போகாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்று பலர் பிடித்து வைக்கிறார்கள். அது தூசி படிந்த காயிலையும் குழாயையும் கழுவிக்கொண்டு வருவது, வேண்டாம். ஆசிட் ஊற்றவே கூடாது. வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. முழு சார்ஜ் ஏறிய பிறகு பச்சைக் கோடு வரை ஊற்றுங்கள். சார்ஜ் இறங்கிய நிலையில் நிரப்பிவிட்டு சார்ஜில் போட்டால், மட்டம் உயர்ந்து மூடி வழியாக ஆசிட் கலந்து வழியும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கரண்ட் தடைபடுகிறது, அந்த இடம் சூடாகிறது. இன்வெர்ட்டரை அணைத்து, அதன் ப்ளக்கையும் பிடுங்கி, முதலில் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். கையில் வளையல், மோதிரம் இருக்கக்கூடாது. ஸ்பேனர் இரண்டு டெர்மினலையும் ஒருசேரத் தொட்டால் பழுக்கக் காய்ந்து தெறிக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு உப்பு போகும். அந்தத் தண்ணீர் மூடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் துடைத்து, பிளஸ்ஸை முதலில் இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். அதனால் பூஜை அலமாரிக்குக் கீழே பேட்டரி இருக்கக்கூடாது, பக்கத்தில் விளக்கும் ஏற்றக்கூடாது.

பின்பக்கத்தில் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ்.ஸில் வைத்தால் கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் வோல்டேஜ் 180 பக்கம் இறங்கினாலே லைன் கரண்ட்டை ஒதுக்கிவிட்டு பேட்டரிக்குப் போய்விடும். லோ வோல்டேஜ் தெருக்களில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி வடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் நார்மலே போதும்.

மே 14, புதன் இரவு

மேல்தொட்டியை இன்றிரவே நிரப்பிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு 540 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் கவலையில்லை. நாளை காலை 8 மணிக்கு மேல் தெரு முழுக்க மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் விழும், மோட்டார் சுற்றாமல் உறுமும், கெப்பாசிட்டர் போகும்.

ஃப்ரீசரில் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்களை முக்கால் அளவு தண்ணீரோடு வையுங்கள். முழுக்க நிரப்பினால் உறைந்து விரியும்போது வெடிக்கும். திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். நமக்குத் தேவை எட்டு. காலையில் அந்தப் பாட்டில்களை ஃப்ரிட்ஜின் மேல்தட்டுக்கு மாற்றினால் குளிர் கீழே இறங்கும். பால், மாவு இரண்டையும் அதற்கு நேர் கீழே வைக்கலாம். நாளைக்கு வேண்டிய மாவைச் சின்னப் பாத்திரத்தில் தனியாக எடுத்து முன்னால் வைத்துவிட்டால், கதவைத் திறந்துவைத்துத் தேட வேண்டாம். தேங்காய்ச் சட்னிக்கு நாளை விடுமுறை, பொடி போதும்.

இன்சுலின் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஆனால் உறையக்கூடாது. உறைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். எனவே ஐஸ் பாட்டிலை ஒட்டி வைக்காமல் துணி சுற்றிய டப்பாவில் கதவுப் பக்கம் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் மருந்தை 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் வெளியே வைத்துக்கொள்ளலாம் (வகைக்கு வகை மாறும், அட்டையைப் படியுங்கள்). மே மாதத்து அறைச்சூடு அதைத் தாண்டுவதால், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் மூடிய டப்பாவை மிதக்கவிட்டு நிழலில் வைப்பது நல்ல வழி.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) இருக்கும் வீட்டில் இன்வெர்ட்டரை மட்டும் நம்பக்கூடாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும், மேலே போட்ட கணக்குப்படி மூன்றரை மணி நேரம்கூட வராது. 1500 லிட்டர் கொண்ட பி டைப் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் 12 மணி நேரம் தாண்டும். ரெகுலேட்டரும் ஸ்பேனரும் இன்றிரவே பொருத்திப் பார்த்து, அளவு முள் நகர்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மே 15, வியாழன், காலை 8.45

லிஃப்ட் இனி வேண்டாம். ஏ.சி., கீசர், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றையும் எம்.சி.பி.யிலேயே இறக்கியாயிற்று. ஃப்ரிட்ஜுக்கும் டிவிக்கும் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இன்வெர்ட்டரில் சேராத ஒரு பல்பு மட்டும் ஆனில் இருக்கட்டும், சாயங்காலம் அதுதான் நமக்கு மீட்டர். மோட்டார் சுவிட்ச்சை மறந்து ஆனில் விட்டு வெளியூர் போனால், கரண்ட் வந்ததும் தானே ஓடி, தொட்டி வழியும். சம்ப் வறண்டபின் சும்மா சுற்றி எரியும்.

பகல் 12.30

இந்த நேரம் யாரோ ஒருவர் கம்பத்தின் மேல் பீங்கான் இன்சுலேட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பார், லைனை லைனோடு இணைக்கும் ஜம்பர் வயரை இறுக்கிக்கொண்டிருப்பார். லைனில் கரண்ட் நிறுத்தியாயிற்று என்ற 'லைன் கிளியர்' அனுமதி வாங்கி, லைனை எர்த் செய்துவிட்டுத்தான் ஏறுகிறார்கள். அப்படியும் ஒரு ஆபத்து நம் வீட்டிலிருந்து போக முடியும். லைன் கரண்ட்டும் ஜெனரேட்டரும் ஒன்றோடொன்று சேராமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் சொருகினால், அந்த 230 வோல்ட் மெயின் வழியாக வெளியே போய் டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி, 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். மெயினை இறக்கிவிட்டுத்தானே போடுகிறோம் என்பார்கள். ஒருநாள் மறந்தால் ஒரு உயிர். தயவுசெய்து அந்த வயரை இன்றே வெட்டிப் போடுங்கள்.

கூரையில் சோலார் இருந்தும் ஏன் கரண்ட் இல்லை என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைத்த ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் நின்றதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் இருப்பவரைக் காப்பாற்றத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

மாலை 4.50

பல்பு எரிகிறது. உடனே எதையும் போட வேண்டாம். பத்து நிமிடம் பாருங்கள். சில சமயம் வந்து, போய், மறுபடி வரும். பல்பு வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தாலோ, ஃபேன் வேகம் கூடிச் சுற்றினாலோ, நியூட்ரல் வயர் எங்காவது விட்டுப் போயிருக்கலாம். அப்போது 230க்குப் பதில் 300, 400 வோல்ட் வரை வீட்டுக்குள் வரும். மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு போன் செய்யுங்கள். எல்லாம் சரியென்றால் முதலில் ஃப்ரிட்ஜ், ஐந்து நிமிடம் கழித்து மோட்டார், கடைசியாக ஏ.சி.

மே 16, வெள்ளி

பேட்டரி முழுக்க ஏற 10 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். நேற்றிரவே மறுபடி கரண்ட் போயிருந்தால் பாதிதான் இருந்திருக்கும். புளித்த வாடை அடிக்கும் பாலைக் காய்ச்சிப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். மாவு அதிகம் பொங்கியிருந்தால் ஊத்தப்பம்.

த்ரீ ஃபேஸ் போர்வெல் மோட்டார் உள்ளவர்கள் தண்ணீரின் வேகத்தைப் பாருங்கள். ஆம்பியர் காட்டுகிறது, மோட்டார் ஓடுகிறது, ஆனால் குழாயில் நூல்போல் வருகிறது என்றால், ஜம்பரைத் திரும்ப மாட்டும்போது ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் ரிவர்ஸில் சுற்றுகிறது. ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு வயரை இடம் மாற்றினால் நேராகிவிடும், எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் பக்கத்து வீட்டு மோட்டாரையும் விசாரியுங்கள். தெரு முழுக்க மாறியிருந்தால் ஈ.பி. ஆபீஸில் சொல்லிக் கம்பத்திலேயே சரிசெய்ய வைக்க வேண்டும். நாம் இங்கே மாற்றிக்கொண்டபின் அவர்கள் அங்கே சரிசெய்தால், நம் மோட்டார் திரும்பவும் தலைகீழாகத்தான் சுற்றும்.