முதல் திருத்தத்திலிருந்து கம்பனிப் பதிவு வரை: யாழ்ப்பாணத்தில் ஒரு திறந்த மூலத் தொழில்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே திறந்த மூல மென்பொருளை, அதாவது நிரலை எவரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருளை, முழுநேரத் தொழிலாகச் செய்யலாமா என்று மாணவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் உள்ளே நுழைவது எப்படி, காசு எங்கிருந்து வரும், பதிவுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்கு யாரும் கோவையாகச் சொல்லித் தரவில்லை. அதனால் நான் கடந்து வந்த வழியை எழுதிவைக்கிறேன்.

என் தொழில் ஒரு புள்ளியில் தொடங்கியது. மெய்யெழுத்தின் தலையில் இடுகிறோமே, அந்தப் புள்ளிதான். பல்கலைக்கழக இறுதியாண்டில், நூல்களைப் பட்டியலிடும் ஒரு திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். கைப்பேசித் திரையின் ஒடுங்கிய நெடுவரிசையில் அது 10 எழுத்துக்கு மேல் காட்டாது. ‘யாழ்ப்பாணம்’ என்று இட்டால் ‘யாழ்ப்பாணம’ என்று வந்து நின்றது. நம் கண்ணுக்கு அந்தச் சொல்லில் 6 எழுத்துகள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் 11 குறியீடுகள். கால் தனி, புள்ளி தனி. பதினோராவதாக நின்ற புள்ளியை மென்பொருள் வெட்டி எறிந்துவிட்டது.

தேடலில் இதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக 2 குறியீடுகளில் சேமிக்கலாம். ககரம், கொம்பு, கால் என்று 3 குறியீடுகளிலும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒருவர் ஒரு விதமாகத் தட்டெழுதிய ‘கொழும்பு’, மற்றவர் தேடும்போது அகப்படாது. இதற்கு மருந்து யூனிகோட் தரத்திலேயே இருக்கிறது: சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி நியமமாக்கல். அதைச் சேர்க்க வேண்டியதுதான் வேலை.

நிரலை அனுப்புமுன் வழுவை விளக்கி, திரைப்பிடிப்புகளோடு ஓர் அறிக்கை இட்டேன். புதிதாக வருகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. தமிழ் தெரியாத ஒருவருக்கு ‘இது பிழை’ என்று முதலில் புரிய வேண்டும். அதன்பிறகே திருத்தத்துக்கு மதிப்பு. திருத்தங்களை ஏற்பதா என்று முடிவெடுக்கும் பராமரிப்பாளர் மூன்று விடயங்கள் கேட்டார். வெட்டுவதையும் தேடுவதையும் இரண்டு திருத்தங்களாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தானியங்கிச் சோதனை எழுத வேண்டும், இந்த நிரலைத் தருவதற்கு எனக்கு உரிமை உண்டு என்று என் பெயரில் ஒரு வரி இட வேண்டும். கடைசியாகச் சொன்னது லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் 2004 இல் வந்த வழக்கம். இன்று பல திட்டங்களில் இருக்கிறது. மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே இரட்டை வடிவக் குறிகள் இருப்பதால், ஏற்கப்பட்ட திருத்தம் அந்த மொழிக்காரர்களுக்கும் உதவியது. அன்றைக்கு எனக்கு வந்த மகிழ்ச்சி எந்தப் பரீட்சைப் பெறுபேற்றிலும் வந்ததில்லை.

இது நாட்டுக்குப் புதிய வழியும் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பிறந்த சகானா, பேரிடர் முகாமைத்துவத்துக்கான திறந்த மூல மென்பொருளாக வெளிநாடுகளிலும் பயன்பட்டது. 2005 இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற இலங்கை நிறுவனம் திறந்த மூலத்தையே வணிகமாக வளர்த்தது. நம்மவர்களின் நூலகம் திட்டமோ, விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கியில் ஈழத்து எழுத்தாவணங்களை இணையத்தில் சேர்த்தது.

தொடர்ந்து திருத்தங்கள் அனுப்பிவந்தேன். அந்த மென்பொருளைப் பயன்படுத்தும் ஓர் ஐரோப்பிய நிறுவனம் ஒப்பந்த வேலை தர முன்வந்தது. கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போன இடங்களில் என் சான்றிதழைத்தான் புரட்டினார்கள். ஐரோப்பிய நிறுவனத்தினரோ என் திருத்தங்களையும் அவற்றின் கீழ் நடந்த விவாதங்களையும் வரி விடாமல் வாசித்துவிட்டுப் பேசினார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும், சிபாரிசுக்கு ஆளில்லாத ஒருவருக்கு இதைவிட நேர்மையான தேர்வு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

காசு கைக்கு வருவதுதான் இழுபறி. வங்கியில் விலைப்பட்டியலை நீட்டியபோது அலுவலர், “தம்பி, இலவசமாகக் கொடுக்கிற மென்பொருளுக்கு எதற்காக டொலர் வருகிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேலைக்கான ஒப்பந்தத்தைக் கையெழுத்துடன் அச்சிட்டுக் கொடுத்தபிறகு வழி திறந்தது. ஒப்பந்தம் இல்லாமல் ஒரு டொலருக்கும் வேலை தொடங்காதீர்கள்.

பதிவை முதலில் தனிநபர் வியாபாரமாக, பிரதேச செயலகத்தில் செய்தேன். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் இடத்துக்கான உறுதிப்பத்திரமும் கேட்டார்கள். பிறகு 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக்கினேன். பெயருக்கு அனுமதி வாங்கி, படிவம் 1 உடன், பணிப்பாளரின் சம்மதத்துக்குப் படிவம் 18, செயலாளரின் சம்மதத்துக்குப் படிவம் 19 என்று இணையவழியிலேயே அனுப்பலாம். கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை.

2022 பொருளாதார நெருக்கடி எல்லோரையும் போல எங்களையும் வாட்டியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கிட் என்ற கருவி நிரலின் முழு வரலாற்றையும் சொந்தக் கணினியிலேயே வைத்திருப்பதால், இணையம் இல்லாமலே எழுதிப் பதிந்துகொண்டு, மின்சாரம் வந்ததும் அனுப்பினோம். பற்றரி தாங்கும் வரை வேலை நிற்கவில்லை.

உள்ளூரில் வாடிக்கையாளர் பிடிப்பது வேறு கலை. சுன்னாகத்தில் இரும்புக்கடை நடத்தும் ஒருவருக்குத் திறந்த மூலக் கணக்கு மென்பொருளைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “இலவசம் என்கிறீர், தம்பி. பழுதானால் நான் யாரிடம் போவது?” என்றார். “என்னிடம் வாருங்கள், அண்ணை. அதற்குத்தான் காசு” என்றேன். அன்றே பேசி முடித்தோம். திறந்த மூல மென்பொருள்கள் பலவற்றுக்கு இருக்கும் ஜிபிஎல் உரிமம் காசு வாங்குவதைத் தடுப்பதில்லை. பெறுபவருக்கு மூல நிரலும் அதை மாற்றும் உரிமையும் சேர்ந்து போக வேண்டும் என்பதே நிபந்தனை. நிறுவுதல், பழைய கொப்பிகளில் உள்ள கணக்கை ஏற்றுதல், ஊழியருக்குப் பழக்குதல், ஆண்டுப் பராமரிப்பு என நான்கையும் தனித்தனியே விலையிட்டு எழுதிக் கொடுக்கிறோம். எங்களைத் தாங்குவது கடைசியாகச் சொன்ன பராமரிப்புக் கட்டணம்.

2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது கடைகளுக்கான விலைப்பட்டியல் அமைப்பை மாற்ற வேண்டி வந்தது. அந்த மாற்றத்தை எங்களிடம் வைத்துக்கொள்ளாமல் மூலத் திட்டத்துக்கே அனுப்பினோம். நாமே வைத்திருந்தால், ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் ஒவ்வொரு கடையிலும் அதைத் திரும்பப் பொருத்த வேண்டும். மூலத்தில் சேர்ந்துவிட்டதால் அடுத்த பதிப்பில் அது தானாகவே வந்தது. எங்களுக்கு அறிமுகமே இல்லாத கடைகளும் இன்று அதில்தான் விலைப்பட்டியல் அடிக்கின்றன.