வலையும் சூனியமும்

இன்று காலை தனுஷ்கோடி மணலில் ஏழு பேர் ஜென் தியானத்துக்கு உட்கார்ந்தோம். 25 நிமிடம் அமர்வு, அப்புறம் கொஞ்சம் மெதுநடை, மறுபடியும் அமர்வு. தனியாக இருந்தால் பத்தாவது நிமிடமே எழுந்துவிடுவேன். பக்கத்தில் ஒருவர் அசையாமல் மூச்சு விடும்போது நம் முதுகும் தானாக நிமிர்கிறது.

திரும்பும் வழியில் ஒரு பெரியவர், கால் பெருவிரலில் கரைவலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். "ஓட்டையை அடைக்கிறீங்களா ஐயா?" என்றேன்.

"ஓட்டை இல்லாட்டி வலை ஏது தம்பி? அளவாக்குறேன்."

அங்கேயே நின்றுவிட்டேன். பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனர் சொன்ன சூனியதை, அதாவது வெறுமை, இதுதானே! எதுவுமே இல்லை என்பதல்ல அது. எதுவும் மற்றவற்றைச் சாராமல் தன்னந்தனியாக இல்லை என்பது. நூல், முடிச்சு, இடைவெளி, இழுக்கும் கைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வலை என்று மிச்சம் எது?

சூனியம் என்றதும் நம் ஊரில் செய்வினை நினைவுக்கு வருவது எனக்கு வருத்தம்தான். மணிமேகலையின் கடைசிக் காதையே பேதைமையில் தொடங்கி, ஒன்றைச் சார்ந்து இன்னொன்று தோன்றும் 12 சார்புகளை விளக்குகிறது. இந்தச் சிந்தனை தமிழுக்குப் புதிதல்ல.

சரி, அடுத்த ஞாயிறும் உட்காருகிறோம். வருபவர்கள் ஒரு பாய் மட்டும் கொண்டுவாருங்கள்.