ஆன்லைன் பிசிஏ: ஒரு இனிஷியல் தின்ற ஆறு மாதம்

ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதே அப்பா ஒற்றை எழுத்தாக இருந்தார். ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை கைநழுவி ஜனவரி-பிப்ரவரிக்குத் தள்ளிப் போனதற்கு இது ஒன்றுதான் காரணம். மூன்று செமஸ்டர் முடிந்த பிறகும் அந்த எரிச்சல் ஆறவில்லை. அதனால் பாடத்தைப் பற்றிப் பேசும் முன் காகிதத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

நான் தேடியது மேலாண்மைத் தகவல் அமைப்பு, அதாவது எம்ஐஎஸ். அந்தப் பெயரிலேயே ஆன்லைனில் தோதான இளநிலைப் பட்டம் அமையாததால், பாடத்திட்டத்தில் எம்ஐஎஸ், டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் மேலாண்மை), சிஸ்டம் அனாலிசிஸ், கணக்கியல், புள்ளியியல் எல்லாம் இருந்த ஒரு பிசிஏ-வை எடுத்தேன். பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆறு செமஸ்டருக்கான பாடப் பட்டியலை இறக்கி வரி வரியாகப் படியுங்கள். பிபிஏ என்று பெயர் இருந்து டேட்டாபேஸ் பாடமே இல்லாததும் உண்டு, பிசிஏ என்று பெயர் இருந்து கணக்கியலே இல்லாததும் உண்டு. எம்ஐஎஸ் வேலைக்கு இரண்டும் வேண்டும்.

2024 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இந்திய மாணவர்கள் ஆன்லைன் படிப்பிலோ தொலைநிலைப் படிப்பிலோ சேர யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்ணான டெப்-ஐடி (DEB-ID) கட்டாயம். அதை எடுக்க முதலில் ஏபிசி ஐடி வேண்டும். பாடங்களில் தேர்ச்சி பெற்றுச் சேர்க்கும் கிரெடிட்டுகளைப் பதிந்து வைக்கும் கல்விக் கணக்கின் 12 இலக்க எண் அது. ஏபிசி ஐடி டிஜிலாக்கர் வழியாக ஆதாரிலிருந்து பெயர், பிறந்த தேதி, பாலினத்தை எடுத்துக்கொள்ளும். ஆதாரில் இருக்கும் பெயர் அப்படியே ஏபிசிக்கு வந்து, அங்கிருந்து டெப்-ஐடிக்குப் போய், பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உட்காரும். பல்கலைக்கழகமோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயர்தான் வேண்டும் என்று நிற்கும். 'குமார் எஸ்', 'எஸ் குமார்', 'குமார் சண்முகம்' மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். குடும்பப் பெயர் வைக்காத நம் ஊர் வழக்கம் அந்தத் திரைக்குத் தெரியாது.

விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பினார்கள். இரண்டு முறையும் 'ஆவணம் பொருந்தவில்லை' என்ற ஒரே வரிதான் வந்தது. எந்த ஆவணம், எதோடு பொருந்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை. உதவி எண்ணில் பேசியவர் நோட்டரி பிரமாணப் பத்திரம் போதும் என்றார். முத்திரைத் தாள் வாங்கி, எழுதி, கையெழுத்து வாங்கி ஏற்றினேன். பத்திரத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது, ஆனால் டெப்-ஐடியில் உள்ள பெயரை அது மாற்றாதே! ஒரு வாரம் வீண். பெயர் வித்தியாசம் இருந்தால் பத்திரம், கடிதம் என்று சுற்றாதீர்கள். வேரிலேயே, அதாவது ஆதாரிலேயே திருத்துங்கள்.

திருத்தும்போது வரிசை முக்கியம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை எதிரே வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, புள்ளி உண்டா, இடைவெளி உண்டா என்பது வரை பார்த்துக் கொடுங்கள். திருத்தம் ஏறிய செய்தி வந்த பிறகும் என் டிஜிலாக்கர் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஆதார் விவரத்தைப் புதுப்பித்து, புதுப் பெயர் தெரிந்த பிறகே ஏபிசி, அதற்குப் பிறகே டெப்-ஐடி. அவசரப்பட்டு டெப்-ஐடியை முதலில் எடுத்தால் பழைய பெயர் அங்கே தங்கிவிடும். முன்பு ஏதாவது கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டவர்களுக்கு ஏற்கெனவே ஏபிசி ஐடி இருக்கலாம். புதிதாக இன்னொன்று எடுக்க முயலாமல் அதையே தேடி எடுங்கள். ஓடிபி எல்லாம் ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த சிம் கையில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இந்த இடத்தில்தான் 'கவுன்சலர்' என்று ஒருவர் போனில் வருவார். டெப்-ஐடியை நாங்களே எடுத்துத் தருகிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள் என்பார். சொல்லாதீர்கள். அவர் தன் மின்னஞ்சலைப் போட்டு எடுத்துவிட்டால், கூடப் படிக்கும் ஒருவருக்கு நேர்ந்தது போல, கடவுச்சொல்லை மீட்கவே அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். கட்டணத்தையும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், உங்கள் லாகினில் மட்டும் கட்டுங்கள்.

அனுமதிப் பட்டியலைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. யுஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில், நீங்கள் சேரும் அதே பருவத்துக்கு, அதே படிப்புக்கு, 'ஆன்லைன்' பிரிவில் பெயர் இருக்க வேண்டும். தொலைநிலைப் பட்டியல் தனி, ஆன்லைன் பட்டியல் தனி. பார்த்த பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது இழுத்தால் அதுவும், அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி வெளியிட்ட அறிவிப்பும் கைகொடுக்கும்.

இன்னொரு வீண் அலைச்சல், பள்ளி வாரியத்திலிருந்து வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான மைக்ரேஷன் சான்றிதழ். மாற்றுச் சான்றிதழைக் கொடுப்பது பள்ளி. மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு மைக்ரேஷன் கொடுப்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம். இது தெரியாமல் நான் முதலில் போன அலுவலகத்தில், மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கும் தெரியவில்லை. 'அடுத்த வாரம் வாங்க' என்று இரண்டு முறை சொன்னார். சேர்க்கையின்போதே இதைக் கேட்க மாட்டார்கள், உறுதிமொழி வாங்கிக்கொண்டு அவகாசம் கொடுப்பார்கள். அவகாசம் முடிவதும் முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் வருவதும் ஒரே சமயம், அதனால் சேர்ந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

சேர்ந்த பின் லாகின் வந்தது, வகுப்பு தொடங்கியது. வீடியோ, பாடக் குறிப்பு, விவாதப் பகுதி, தேர்வு என்று நான்கும் ஒரே தளத்தில் இருக்கும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. நான்கு கிரெடிட் பாடம் ஐந்து எடுத்தால் ஒரு செமஸ்டருக்கு 600 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்கள் இதை 20 வாரத்தால் வகுத்துப் பாருங்கள், வாரம் 30 மணி நேரம் வருகிறது. 'நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் மாதத்தில் விழுவது இங்கேதான்.

உள்மதிப்பீடு 30, இறுதித் தேர்வு 70. எங்கள் பல்கலைக்கழகத்தில் 75 சதவீதப் பங்கேற்பு இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. இந்தப் பங்கேற்பு எப்படிக் கணக்காகிறது என்பதை முதல் வாரமே சோதித்துப் பாருங்கள். செயலியில் இறக்கி வைத்து இணையம் இல்லாமல் பார்த்த வீடியோக்கள் எனக்குக் கணக்கிலேயே ஏறவில்லை. பதினோரு வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் சில தளங்கள் பாதி நேரத்தைத்தான் பதியும். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு சதவீதம் ஏறுகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பாடத்தில் பலர் மதிப்பெண் இழப்பது டேட்டா ஃப்ளோ டயக்ராமில், அதாவது தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படத்தில். படம் அழகாக இருக்கும், விதி தப்பியிருக்கும். முழு அமைப்பையும் ஒரே செயல்முறையாகக் காட்டும் சூழல் வரைபடத்தில் டேட்டா ஸ்டோர், அதாவது தகவல் சேமிக்கும் இடம், வரக் கூடாது. வெளியாளிடமிருந்து டேட்டா ஸ்டோருக்கு நேராக அம்பு போகக் கூடாது, நடுவில் ஒரு செயல்முறை வேண்டும். ஒவ்வொரு செயல்முறைக்கும் உள்ளே ஒன்றாவது வர வேண்டும், வெளியே ஒன்றாவது போக வேண்டும். மேல் மட்டத்தில் 2.0 என்ற செயல்முறைக்குள் மூன்று அம்பு நுழைந்தால், அதைப் பிரித்து 2.1, 2.2 என்று வரையும்போதும் அதே மூன்றுதான் வெளியிலிருந்து வர வேண்டும். குறியீட்டையும் கலக்காதீர்கள். டிமார்க்கோ முறையில் செயல்முறை வட்டம், கேன்-சார்சன் முறையில் முனை மழுங்கிய செவ்வகம். ஒரே படத்தில் இரண்டும் இருந்ததற்காக எனக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று, அது நியாயமும்கூட.

ஒரே தகவல் பல இடத்தில் திரும்ப வராமல் அட்டவணையைப் பிரிக்கும் நார்மலைசேஷன் புரியாதவர்கள் பாடப்புத்தகத்தின் மாணவர்-ஆசிரியர் அட்டவணையை விட்டுவிட்டு ஊரில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா, லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்), உறுப்பினர் பெயர், வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி, கிளைப் பெயர். ஒரு வரியைத் தனியாக அடையாளம் காட்ட எண், தேதி, வேளை மூன்றும் சேர வேண்டும், அதுதான் சாவி. உறுப்பினர் பெயருக்கோ எண் மட்டும் போதும். சாவியின் ஒரு பகுதியையே சார்ந்திருப்பதால் இரண்டாம் நிலையில் அது தனி அட்டவணைக்குப் போகிறது. கிளைப் பெயர் ஐஎஃப்எஸ்சி-யைச் சார்ந்தது, ஆகவே மூன்றாம் நிலையில் அதுவும் பிரிகிறது. பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கொழுப்புக்கும் எஸ்என்எஃப்-க்கும் உரிய விலைப் பட்டியல் மாறினால் பழைய பில் என்ன ஆகும்? விலைப் பட்டியலுக்கு 'எந்தத் தேதியிலிருந்து' என்ற நெடுவரிசை இல்லாவிட்டால் போன மாதத் தொகையெல்லாம் புது விலையில் மாறிவிடும். இதை யோசித்தவருக்கு எம்ஐஎஸ் பாடத்தின் பாதி வந்துவிட்டது.

மீதிப் பாதியும் அதே சங்கத்தில் இருக்கிறது. தினமும் பால் அளவைப் பதிவது டிரான்சாக்‌ஷன் முறை. பத்து நாளுக்கொரு முறை எந்த வழித்தடத்தில் அளவு குறைந்தது என்று செயலாளருக்குப் போகும் தொகுப்பு எம்ஐஎஸ். இரண்டு வண்டித் தடங்களை ஒன்றாக்கினால் செலவு எவ்வளவு குறையும், பால் கெடுமா என்று போட்டுப் பார்ப்பது டிஎஸ்எஸ், அதாவது முடிவெடுக்க உதவும் அமைப்பு. 1971-இல் மேலாண்மை அறிஞர்கள் கோரியும் ஸ்காட் மார்ட்டனும் போட்ட கட்டத்தை, அதாவது முடிவு எவ்வளவு வரையறுக்கப்பட்டது, எந்த மட்டத்தில் எடுக்கப்படுவது என்ற இரண்டு அச்சுகளை, இந்த மூன்று உதாரணத்தோடு எழுதுங்கள். வெறும் பிரமிடு வரைந்து விளக்கம் எழுதுவதைவிட இது நிற்கும்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்-லில் ஒரே ஒரு எச்சரிக்கை. இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, வலப்பக்க அட்டவணைக்கான நிபந்தனையை WHERE பகுதியில் எழுதினால் பால் ஊற்றாத உறுப்பினர்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அங்கே NULL, அதாவது வெற்று மதிப்பு. நிபந்தனையை ON பகுதியில் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வில் எங்களில் பலர் விழுந்த குழி இது.

இறுதித் தேர்வு வீட்டிலிருந்தே, கேமரா கண்காணிப்பில். முதல் தேர்வில் மின்சாரம் போனது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் டெஸ்க்டாப் அணைந்து எழுந்தது. காரணம், இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்ச் 'யுபிஎஸ்' நிலையில் இல்லாமல் 'நார்மல்' நிலையில் இருந்தது. அதில் மின்சாரம் மாறும் கணம் கணினி தாங்காத அளவுக்கு நீளும். ரவுட்டருக்குத் தனியாக ஒரு சின்ன டிசி (நேர்மின்னோட்ட) யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 12 வோல்ட்தான் அதிகம், 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு. துணைமின் நிலைய மாதாந்திரப் பராமரிப்பு பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். தேர்வு நேரத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால், மின்தடை அறிவிப்பு வந்தாலும் தப்பிக்க மாலை நேரத்தை எடுங்கள்.

ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துக் கண்காணிப்பு மென்பொருள் அடையாளம் காணாது. விண்டோஸ் அப்டேட்டை முதல் நாளே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் டெஸ்க்டாப், ஆன்டிவைரஸ் அறிவிப்புகளை நிறுத்துங்கள், மேலெழும் ஒரு பெட்டி 'வேறு திரைக்குப் போனார்' என்று பதிவாகும். இணைப்பு அறுந்தால் திரையை நேரம் தெரியும்படி படமெடுத்து, பத்து நிமிடத்துக்குள் புகார் எண் வாங்குங்கள். அந்த எண் இருந்ததால்தான் எனக்கு மறுதேர்வு கிடைத்தது. மறுநாள் மின்னஞ்சல் அனுப்பிய இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை.

ஐஐடி-கள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடத்தைக் கிரெடிட்டாக மாற்ற நினைப்பவர்கள், சேரும் முன்பே பாடக் குறியீட்டோடு பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்குங்கள். தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும், தேர்ச்சிக்கு அசைன்மென்ட்டில் 25-க்கு 10-உம் தேர்வில் 75-க்கு 30-உம் தனித்தனியாக வேண்டும். எனக்கு 68 மதிப்பெண்ணோடு சான்றிதழ் வந்தது, கிரெடிட் வரவில்லை, ஒப்புதல் கடிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால்.

ஒவ்வொரு செமஸ்டர் முடிவு வந்ததும் டிஜிலாக்கரில் ஏபிசி கணக்கைத் திறந்து கிரெடிட் ஏறியிருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். இரண்டாம் செமஸ்டரில் எனக்கு 20-க்குப் பதில் 16 தான் இருந்தது. செய்முறைப் பாடம் ஒன்று விட்டுப் போயிருந்தது. மதிப்பெண் பட்டியலை இணைத்து மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், முதல் இரண்டுக்குத் தானியங்கிப் பதில். மூன்றாவதில் பாடக் குறியீடு, பதிவு எண், ஏபிசி எண் மூன்றையும் தலைப்பு வரியிலேயே போட்டேன். நான்காம் நாள் 20 ஆகியிருந்தது.