செல் தட்டு நடுவிலிருந்து வளரும்: மூன்று மார்க் போன கதை

பதினோராம் வகுப்பில் செல் பகுப்பின் நிலைகளான புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசியில் வரும் சைட்டோகைனசிஸ், அதாவது செல்லே இரண்டாகப் பிரிவது, அரைப் பக்கம்தானே என்று தாண்டிவிட்டேன். காலாண்டுத் தேர்வில் வெங்காய வேர் செல்லை வரைந்து, அதன் இடுப்பில் இரண்டு பக்கமும் கிள்ளினாற்போல் பள்ளம் போட்டு வைத்தேன். அப்படிப் பிரிவது விலங்கு செல். ஐந்துக்கு இரண்டு மார்க்.

அப்புறம்தான் யோசித்தேன். தாவர செல்லைச் சுற்றி விறைப்பான சுவர் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் நடுவில் கயிறு கட்டி இறுக்கினால் இரண்டு பெட்டி கிடைக்காது, உள்ளே தடுப்பு வைக்க வேண்டும். அந்தத் தடுப்பு கட்டப்படும் கதைதான் அந்த அரைப் பக்கம்.

குரோமோசோம்கள் இரு துருவங்களுக்கும் போன பிறகு, நடுவில் நுண்குழல்கள் என்ற மெல்லிய புரதக் குழாய்கள் வரிசை கட்டி நிற்கும். இந்த அமைப்பின் பெயர் ஃபிராக்மோபிளாஸ்ட். செல்லின் பொட்டலம் கட்டும் உறுப்பான கோல்கியிலிருந்து, பெக்டின் என்ற பசைப்பொருள் முதலிய சரக்கை ஏற்றிய சிறு பைகள் அந்தத் தண்டவாளம் வழியே நடுவுக்கு வந்து ஒன்றோடொன்று இணையும். பைக்குள் இருந்த சரக்கு செல் தட்டாகும். பையின் தோல் இரண்டு சேய் செல்களுக்கும் புதிய பிளாஸ்மா சவ்வாகும். இந்த ஒரு வரி புரிந்த அன்று பாடம் முழுக்கத் தெளிந்தது எனக்கு. தட்டு நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி வளர்ந்து தாய்ச் சுவரோடு ஒட்டும். விலங்கு செல்லின் பள்ளம் ஓரத்திலிருந்து உள்ளே வரும். ஒரு மார்க் கேள்விகள் இந்தத் திசையை வைத்துத்தான் மாட்டிவிடும்.

சுவரின் நார்ப்பொருளான செல்லுலோஸ் பையில் வருவதில்லை. சவ்விலேயே இருக்கும் நொதிகள் அதை நூற்கின்றன. தொடக்கத்தில் தட்டில் கேலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலிதான் அதிகம், செல்லுலோஸ் பிறகுதான் சேரும். இரு செல்களையும் ஒட்டும் கால்சியம் பெக்டேட் அடுக்கு மிடில் லேமெல்லா. தட்டு உருவாகும்போது நடுவில் சிக்கிக்கொள்ளும் எண்டோபிளாச வலை இழைகளைச் சுற்றித்தான் பிளாஸ்மோடெஸ்மேட்டா, அதாவது இரு செல்களையும் இணைக்கும் நுண்வழிகள், உருவாகின்றன.

தடுப்பு எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது முன்பே குறிக்கப்பட்டுவிடும். புரோஃபேஸுக்கு முன் நுண்குழல்கள் செல்லைச் சுற்றி ஒரு பட்டை கட்டும். பிறகு பட்டை மறைந்துவிடும், ஆனால் தட்டு அதே கோட்டில்தான் போய்ச் சேரும். 1966இல் பிக்கெட் ஹீப்ஸும் நார்த்கோட்டும் கோதுமையில் கண்டது இது. பரீட்சைக்குத் தேவையில்லை, எனக்குப் பிடித்தது என்பதால் சொன்னேன்.

பிராக்டிகலுக்கு ஒரு வார்த்தை. வெங்காய வேரை நீளமாக வெட்டி அரை மணி நேரம் தேடினேன், பகுப்பே இல்லை. நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் எடுங்கள், செல்கள் பிரிவது அங்கேதான். அசிட்டோகார்மைன் என்ற சாயம் விட்ட ஸ்லைடை லேசாகச் சூடாக்குங்கள், கொதிக்க விடாதீர்கள். கவர் ஸ்லிப் மேல் பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். நான் கட்டைவிரலால் அழுத்தி இரண்டு உடைத்தேன்.

காரியோகைனசிஸ், அதாவது உட்கரு பிரிவது, நடந்து சைட்டோகைனசிஸ் நடக்காவிட்டால்? நீட்டுக்குப் படிப்பவர்கள் இளநீரை நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் எழும்பாமல் உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போன எண்டோஸ்பெர்ம் அது, அதாவது கருவுக்கு உணவூட்டும் திசு. ஆயிரக்கணக்கான உட்கருக்கள் அதில் மிதக்கின்றன. ஓரத்தில் சுவர் எழும்பிய பகுதிதான் வழுக்கை.